பெயர்த்தகடு இல்லாத ஜப்பான் கிட்டார்: ஏழு வருடம் வாசித்த பிறகு

ஏற்காட்டில் யாரோ ஒரு காபி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். பீரோ, கட்டில், காலொடிந்த முக்காலி எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் பழைய சாமான் விற்பவரின் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. 2018இல் அந்தக் குவியலிலிருந்துதான் இந்த எலக்ட்ரிக் கிட்டாரை 3,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஆறு கம்பியில் நாலுதான் மிச்சம். தலையில் பெயர் இல்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு குட்டி ஆணி ஓட்டை மட்டும். கழுத்தின் பின்னால் நாலு ஸ்குரூ போட்ட தகட்டில் 'மேட் இன் ஜப்பான்' என்று பொறித்திருந்தது. வரிசை எண் கிடையாது.

முதல் ஆறு மாதம் "இது என்ன பிராண்டு?" என்றே எல்லோரிடமும் கேட்டுத் திரிந்தேன். அது தப்பான கேள்வி என்று புரியவைத்தவர், கிட்டாரைத் தொட்டே பார்க்காத ஒருவர். நண்பனின் அண்ணன், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அறுந்த ஒயரைப் பற்றவைக்க அவரிடம் கொண்டு போயிருந்தேன். பூதக்கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்தவர் சொன்னார்: "பேரைக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க தம்பி? எங்க கொலுசுல கடைக்காரர் முத்திரைதான் இருக்கும். பத்துக் கடை பேரு, ஒரே பட்டறை. பத்தவெச்ச இடத்தைப் பாத்தா யாரு வேலைன்னு நான் சொல்லிடுவேன்."

ஜப்பானிலும் 1960களில் நடந்தது அதேதான். டெய்ஸ்கோ என்ற நிறுவனத்தை 1946இல் கானெகோ, மட்சுடா என்ற இருவர் தொடங்கினார்கள். அவர்கள் செய்த கிட்டார்கள் அமெரிக்காவில் 'டெய்ஸ்கோ டெல் ரே' என்றும், சியர்ஸ் கடையில் 'சில்வர்டோன்' என்றும், இன்னும் பல பெயர்களிலும் விற்றன. 1967இல் நிறுவனத்தை பியானோ செய்யும் கவாய் கம்பெனி வாங்கிக்கொண்டது. மட்சுமோட்டோ ஊரில் இருந்த மட்சுமோகு தொழிற்சாலை தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்யப் பிறந்தது; அப்புறம் அங்கிருந்தும் பல பெயர்களில் கிட்டார் வந்தது. ஆக, தலையில் இருக்கும் பெயர் விற்றவருடையது. செய்தவரை உடம்பில்தான் தேட வேண்டும்.

உடம்பைத் திறப்பதே ஒரு கதை. சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினால் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. இரண்டு தலையைக் கெடுத்தும் விட்டேன். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் தன் டிரைவரைக் கொடுத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. ஜப்பான் தர நிர்ணயப்படி செய்த ஸ்குரூவின் பள்ளம் வேறு மாதிரி. பிலிப்ஸ் என்கிற நம் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் அடி வரை இறங்காது. பழைய ஜப்பான் கிட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் ஜப்பான் தர நிர்ணயத்துக்கு (JIS) ஏற்ற டிரைவரை வாங்குங்கள்.

மற்ற அடையாளங்கள் கண்ணுக்கே தெரிந்தன. துலிப் பூ போல விரிந்த உடல். கோடு கோடாக இழைத்த உலோக பிக்கார்ட், அதாவது உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒவ்வொரு பிக்கப்புக்கும் லைட் சுவிட்ச் மாதிரி சாய்கிற தனித்தனி ராக்கர் சுவிட்ச். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் நட்டை ஒட்டி, ஸீரோ ஃப்ரெட் என்ற கூடுதல் உலோகப் பட்டி. பிக்கப் மூடியின் இடைவெளியில் மின்னும் தங்க நிறத் தகடு. இதைத்தான் 'கோல்ட் ஃபாயில்' என்கிறார்கள். இதில் ஒன்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது, ஸீரோ ஃப்ரெட் எத்தனையோ கம்பெனி போட்டது. எல்லாம் சேர்ந்து வந்ததால்தான் 1960களின் டெய்ஸ்கோ பட்டறை என்று முடிவு கட்டினேன். அபூர்வமா என்றால், அமெரிக்காவில் இல்லை, அங்கே மலிவு விலையில் மூட்டை மூட்டையாக இறங்கியது. சேலத்தில் நான் இன்னொன்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சரி, வாசிக்க எப்படி? கழுத்து நல்ல தடிமன், சின்னக் கைக்காரர்களுக்குச் சிரமம். கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜ் உடலோடு திருகப்படவில்லை. கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது நகர்ந்துவிடும், சுருதி எல்லா ஃப்ரெட்டிலும் பிசகும். நான் பென்சிலால் அதன் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு கம்பியாகத்தான் மாற்றுகிறேன். மே மாதச் சேலம் வெயிலில் கம்பி உயரம் ஒரு மாதிரி. அக்டோபரில் ஏற்காட்டு மூடுபனிக்குள் ஒரு வாரம் வைத்தால் வேறு மாதிரி. மரம் ஈரத்தைக் குடிக்கிறது. மேலே கொண்டு போனால் வாசிக்கும் முன் ஒரு ராத்திரி பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவேன்.

பெரிய குறை பிக்கப்தான். அதன் அருகில் வாயை வைத்துப் பேசினால் என் குரல் ஆம்ப்ளிஃபயரில் கேட்கும். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் சத்தத்தைக் கூட்டியதும் வீல் என்று அலறி, முன்வரிசைக் குழந்தை அழுதே விட்டது. உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தால் அடங்கும் என்றார்கள், செய்யவில்லை. மெல்லிசைக் குழுவில் பழைய பாட்டுக்கு, சத்தத்தைக் குறைத்து வாசிக்கும்போது அந்தப் பிக்கப் தரும் ஒலி, கரண்டி விளிம்பில் தட்டிய பித்தளைப் பாத்திரம் போல, முனை கூர்மையாக, வால் சீக்கிரம் அடங்கி வரும். என்னிடம் இருக்கும் 30,000 ரூபாய்க் கிட்டாரில் அது வராது.

ஏழு வருடச் செலவு: கம்பியை முறுக்கும் ட்யூனர் ஒரு செட், ஒயர் செருகும் ஜாக் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு நாலைந்து செட் கம்பி. மெல்லிய பத்தாம் நம்பர் செட்தான் போடுகிறேன், பழைய கழுத்துக்கு அந்த இழுப்பு போதும்.

பட்டறை அண்ணன் இப்போதும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், அந்த இரண்டு ஆணி ஓட்டைக்கு அளவெடுத்து வெள்ளியில் ஒரு தகடு அடித்துத் தரட்டுமா என்று. போன மாதம் ஸ்கேலை வைத்து அளந்தே விட்டார். என்ன பெயர் பொறிப்பது என்றுதான் நான் இன்னும் சொல்லவில்லை.