நெல் அவிக்கிற மில்லுக்குப் பச்சை அரிசி லைசன்ஸ்: வன்னியில மில் போடுறவை ஒருக்கா வாசியுங்கோ

சுற்றாடல் லைசன்ஸ் எடுத்துத் தாறன் எண்டு ஃபைலோட வந்த ஒருத்தரிட்ட 2019இல நானும் தங்கச்சியும் 85,000 ரூபா குடுத்தனாங்கள். லைசன்ஸ் வந்தது. கள்ளக் கடதாசி இல்லை, உண்மையான சீல், உண்மையான கையொப்பம். கள்ளக் கடதாசியா இருந்திருந்தா எங்களுக்குச் சுகம், ஏமாந்தம் எண்டாவது சொல்லியிருக்கலாம்.

நாங்கள் இருக்கிறது பரந்தன்–முல்லைத்தீவு வீதியில, முரசுமோட்டைப் பக்கம். வயல்தான் சீவியம். காலபோகம் வெட்டின உடன லொறியோட வாறவனுக்கு அவன் சொன்ன விலைக்கு ஈர நெல்லைக் குடுத்துக் குடுத்து அலுத்துப்போய், நாங்களே அவிச்சுக் குத்திப் பைக்கற்றில போடுவம் எண்டு இறங்கினம். ஆட்டக்காரி நெல்லு, சிவப்புப் புழுங்கல். யாழ்ப்பாணத்துக் கடையளில நல்ல கேள்வி. வங்கிக்குக் கடனுக்குப் போனால், முதல் கேட்டதே சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம்.

அந்த மனிசனைக் கச்சேரிக்கு முன்னால தேத்தண்ணிக் கடையில தெரிஞ்ச ஒருத்தர்தான் காட்டிவிட்டவர். நீல ஃபைல், கழுத்தில பட்டி, பட்டியில ஒரு அட்டை. அட்டையில என்ன எழுதியிருக்கெண்டு கடைசிவரைக்கும் நான் பாக்கேல்லை, அது எப்பவும் மறுபக்கம் திரும்பித்தான் கிடக்கும். “அக்கா, நீங்கள் ஒரு கந்தோர்ப் படியும் ஏறத் தேவையில்லை” எண்டார். வயலும் வீடும் பிள்ளையளும் எண்டு ஓடுற ஆளுக்கு அந்த ஒரு வசனம் போதும்.

மூண்டு படிவம் கொண்டுவந்தார், மூண்டும் வெறுமை, மூண்டும் ஆங்கிலம். “சைனை வையுங்கோ, மிச்சத்தை நான் நிரப்புறன்.” வைச்சன். பிறகு இன்னொண்டும் சொன்னார்: இடம் பாக்க வரேக்க பொயிலர் நிக்கவேண்டாம், ஊறப்போடுற தொட்டியும் கட்டவேண்டாம், குத்துற மெசின் மட்டும் கொட்டிலுக்குள்ள இருக்கட்டும். ஏன் எண்டு கேட்டதுக்கு, “சாமான் குறைய இருந்தா வேலை கெதியா முடியும்” எண்டார். அந்த இடத்தில நான் நிண்டு யோசிச்சிருக்கவேணும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் யோசிச்சனான். கெதியா முடியட்டும் எண்டு விட்டிட்டன். அது என்ர பிழை.

பிரதேச சபையிலயிருந்து வந்து பாத்தவையைக் குறை சொல்ல ஒண்டுமில்லை. அவை கண்டது ஒரு கொட்டில், ஒரு மெசின். லைசன்ஸ் வந்தவுடன சட்டம் போட்டுக் காசு மேசைக்கு மேல தொங்கவிட்டம். தங்கச்சி அண்ணாந்து பாத்திட்டு, “ட்றை புறொசெஸ் எண்டு கிடக்கு, என்னக்கா அது?” எண்டாள். “அவிச்ச நெல்லை முத்தத்தில காயப் போடுறமெல்லோ, அதைத்தான் போட்டிருக்கினம்” எண்டு நான் விளக்கம் குடுத்தன். இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வாறேல்லை.

நெல்லு ஊறின தண்ணியைக் கிட்டப் பாத்தவைக்குத் தெரியும். ரெண்டாம் நாள் மஞ்சளாகி, நுரை கட்டி, புளிச்ச கஞ்சி மாதிரி மணக்கும். அதைப் பின்னால இருந்த வாய்க்காலுக்குத் திறந்துவிட்டனாங்கள். பொயிலருக்கு எரிக்கிற உமியின்ர சாம்பல் காத்தோட போய்ப் பக்கத்து வீட்டு மாமியின்ர கொடியில காயிற உடுப்பில கறுப்புப் பொட்டாய் ஒட்டும். மாமி ரெண்டு தரம் வேலிக்கரையில நிண்டு சொன்னவ. மூண்டாந்தரம் எங்களிட்டச் சொல்லேல்லை, கடிதம் போட்டிட்டா.

மத்திய சுற்றாடல் அதிகார சபையிலயிருந்து ரெண்டுபேர் வந்தினம். நான் பெருமையா லைசன்ஸைக் கழட்டிக் குடுத்தன். ஒருத்தர் அதைப் பாத்தார், ஆவி தள்ளுற பொயிலரைப் பாத்தார், திரும்பவும் அதைப் பாத்தார். “அம்மா, இது பச்சை அரிசி குத்துற மில்லுக்குத் தந்த லைசன்ஸ். நீங்கள் அவிக்கிறீங்கள்.”

அண்டைக்குத்தான் விசயம் விளங்கினது. 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில, 1988இல திருத்தம் செய்து சேர்த்த 23ஏ பிரிவு இருக்கு. வர்த்தமானியில குறிச்ச தொழில் செய்யிறவை லைசன்ஸ் இல்லாமல் கழிவை வெளிய விடேலாது. எந்தத் தொழில் எந்தப் பட்டியல் எண்டு அப்ப சொன்னது 2008 ஜனவரி வர்த்தமானி. அதில உலர் முறை மில், அதாவது ட்றை புறொசெஸ், அவிக்காமல் பச்சையாக் குத்துறது, ‘சி’ பட்டியல், அதுக்கு லைசன்ஸ் குடுத்தது பிரதேச சபை. எங்கட மாதிரி அவிக்கிற ஈர முறை மில் ‘பி’ பட்டியல், நாளுக்கு 5,000 கிலோ அல்லது அதுக்கு மேல போனால் ‘ஏ’. அந்த ரெண்டும் அப்ப அதிகார சபையின்ர கையில இருந்தது. ‘பி’ எண்டால் கழிவுத் தண்ணிக்கு வழி காட்டவேணும், பரிசோதனை அறிக்கை குடுக்கவேணும். எங்கட ஆள் அந்த வேலை முழுக்கத் தப்ப, அவிக்கிற மில்லைக் கடதாசியில பச்சை அரிசி மில் ஆக்கிப்போட்டார். பொய் சொன்னது அவர், கீழ கையெழுத்து என்னது.

மில்லை நிப்பாட்டச் சொல்லிச்சினம். தொட்டிக்குள்ள 40 மூட்டை ஊறிக்கொண்டிருந்தது. அவிக்கவும் ஏலாது, அள்ளிக் காயப்போட மழையும் விடேல்லை. முளை கட்டி நாறின நெல்லை மாட்டுக்குப் போட்டம், மாடும் முகத்தைத் திருப்பினது.

அவருக்குக் கோல் எடுத்தன், எடுத்தன், எடுக்கேல்லை. கடைசியில வேறொரு நம்பரில இருந்து எடுத்தால், “சைன் வைச்சது நீங்கள்தானே அக்கா” எண்டார். குரலில ஒரு பதட்டமும் இல்லை. பொலிசுக்குப் போனம். பற்றுச்சீட்டு கேட்டினம். காசு கையில குடுத்தது, துண்டு ஒண்டும் இல்லை. பிறகு பிரதேச சபையில விசாரிச்சால், எங்கட பேரில கட்டின கட்டணம் நான் குடுத்ததில பத்திலொண்டும் வரேல்லை.

இரண்டாந்தரம் நாங்களே போனம். படிவம் தமிழிலயும் தந்தவை. கேட்டால் தருவினம், நாங்கள் கேக்கேல்லை, அவ்வளவுதான். தண்ணி மாதிரி எடுத்துப் பாத்ததில பிஓடி எண்டு ஒண்டு இருக்கு, தண்ணியில இருக்கிற கழிவு அழுகேக்க எவ்வளவு ஒட்சிசனை இழுக்குது எண்டு காட்டுற அளவு. நீர்நிலைக்கு விடுற தண்ணியில லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. எங்கடது எத்தினை மடங்கு எண்டு எழுத வெக்கமாக் கிடக்கு. மூண்டு அடையல் தொட்டி கட்டி, புகைபோக்கியை உயர்த்தி, சாம்பலுக்குக் குழி வெட்டினம். செலவு கையைக் கடிச்சது. ஆனால் அது மில் போடேக்கயே செய்திருக்கவேண்டிய செலவு, அந்த ஆள் அதை எங்களுக்கு மறைச்சுத்தான் வைச்சவர்.

லைசன்ஸ் கையில வைச்சிருக்கிறவை இப்பவே எழும்பிப் போய்ப் பாருங்கோ. உங்கட பேரும் முகவரியும் சரியோ எண்டு மட்டும் பாக்காதையுங்கோ. தொழில் எண்டு போட்டிருக்கிற வரியைப் பாருங்கோ. நீங்கள் செய்யிற வேலைதானோ அது? முடிவுத் திகதியையும் பின்பக்கம் இருக்கிற நிபந்தனையளையும் பாருங்கோ. ஆங்கிலம் விளங்காட்டி ஏஎல் படிக்கிற பிள்ளை ஒண்டைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கோ.

ஆள் இப்பவும் திரியிறார். போன கிழமை விசுவமடுப் பக்கம் சீமெந்துக் கல்லு அரியிற இடமொண்டில நிண்டதாத் தங்கச்சியின்ர மகன் சொன்னான். நீல ஃபைல், கழுத்துப் பட்டி, “அண்ணை, நீங்கள் ஒரு கந்தோர்ப் படியும் ஏறத் தேவையில்லை.”