பழைய பிரவுசர்களுக்கும் சேர்த்து சிஎஸ்எஸ்: எனக்கு உதவியதும் உதவாததும்

2008-ல் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு என் முதல் இணையதளத்தைச் செய்தேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில்தான் அதன் அமைப்பை எழுதினேன். என் ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் கச்சிதமாக இருந்தது. மறுநாளே கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, சைடுல இருந்த படமெல்லாம் கீழ வுழுந்து கெடக்குதுப்பா." போய்ப் பார்த்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி, அதில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6.

இடப்பக்கம் ஃப்ளோட் செய்த (ஓரமாக ஒதுக்கி நிறுத்திய) பெட்டிக்கு 20 பிக்சல் இடது மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால், எக்ஸ்புளோரர் 6 அதை 40 ஆக்கிக்கொள்ளும். இடம் போதாமல் அடுத்த பெட்டி கீழே இறங்கிவிடும். ஃப்ளோட் செய்த பெட்டிக்கு டிஸ்ப்ளே இன்லைன் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். ஏன் என்று கேட்கக் கூடாது!

அதைவிடப் படுத்தியது பெட்டியின் அகலக் கணக்கு. அகலம் 200, இருபுறமும் பேடிங் (உள் இடைவெளி) 20, பார்டர் (ஓரக் கோடு) 1 என்றால் இணையத் தர விதிப்படி மொத்தம் 242. எக்ஸ்புளோரர் 5 எல்லாவற்றையும் அந்த 200-க்குள்ளேயே அடக்கிவிடும். பக்கத்தின் தலையில் டாக்டைப் (எந்த விதிப்படி எழுதியது என்று சொல்லும் வரி) இருந்தால் எக்ஸ்புளோரர் 6 ஒழுங்காகக் கணக்குப் போடும். நானும் போட்டிருந்தேன். ஆனால் அதற்கு மேலே ஒரு எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி இருந்தது. அது இருந்தாலே 6 பழைய கணக்கையே போடும் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும் என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது. இன்று எல்லாப் பக்கத்திலும் நானே பார்டர்-பாக்ஸ் என்று எழுதி, அன்று திட்டிய அதே கணக்கைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

ஆரம்பத்தில் ஸ்டார் ஹெச்டிஎம்எல் போன்ற ஹேக்குகளை (பழைய எக்ஸ்புளோரருக்கு மட்டும் எடுபடும் குறுக்கு வழிகளை) முக்கிய சிஎஸ்எஸ் ஃபைலிலேயே திணித்தேன். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் எனக்கே புரியவில்லை. அப்புறம் எக்ஸ்புளோரர் மட்டும் படிக்கும் கண்டிஷனல் கமெண்ட் வழியாகத் தனி ஃபைலுக்கு மாற்றினேன். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அந்த ஃபைலையும் அதை அழைத்த வரிகளையும் நீக்கினேன், வேலை முடிந்தது. இத்தனை வருஷத்தில் நான் செய்த உருப்படியான முடிவு அதுதான். எக்ஸ்புளோரர் 10-லிருந்து இந்த வசதி கிடையாது என்பது வேறு கதை.

பாரிமுனைப் பக்கம் ஒரு ஏற்றுமதி அலுவலகம் எக்ஸ்புளோரர் 11-ஐ விடவே மாட்டேன் என்றது. அங்கே பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் அமைப்பை, 'இந்த வசதி தெரிந்தால் மட்டும் படி' என்று சொல்லும் சப்போர்ட்ஸ் விதிக்குள் வைத்தேன். 11-க்கு அந்த விதியே தெரியாது என்பதால் மொத்தமாகத் தாண்டிப்போய், வெளியே இருந்த சாதாரண ஃப்ளோட்டைக் காட்டியது. 2022 ஜூன் 15-ல் அதுவும் ஓய்வு பெற்றது.

இப்போது தலைவலி பழைய ஐபோன். பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐபோன் 6-ஐ சோதிப்பதற்கென்றே வைத்திருக்கிறேன். ஐஓஎஸ் 12-க்கு மேல் அது ஏறாது. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில், அவற்றுக்கு நடுவே இடைவெளி விடும் 'கேப்' வசதி ஐபோனின் பிரவுசரான சஃபாரியில் 14.1-ல்தான் வந்தது. சப்போர்ட்ஸ் வைத்துக் கேட்டாலும் ஏமாற்றும். கிரிட்டுக்குள் கேப் தெரியும் என்பதால் அந்தப் பழைய சஃபாரி 'ஆம்' என்றே சொல்லும். அதனால் இன்னும் மார்ஜின்தான் கொடுக்கிறேன்.

அந்த ஐபோனின் பேட்டரி இப்போது ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. அடுத்ததைத் தேடி ஒருநாள் பஜாருக்குப் போக வேண்டும்.