இலவச சட்ட உதவி: நீலகிரியில் நகல் வாங்கும் நாளுக்கு எவ்வளவு உதவும்?

கொலை, கொலை முயற்சி மாதிரி அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும் வழக்கில் மாட்டிய குடும்பத்துக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் இலவச வழக்கறிஞர் பெரிய பலம். ரிமாண்ட், ஜாமீன் வரைக்கும் பலரும் இதைச் சரியாகவே பயன்படுத்துகிறார்கள். கோட்டை விடுவது பி.ஆர்.சி. கட்டத்தில், அதாவது வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும் முன், நடுவர் முன் குற்றப்பத்திரிகை நகல் வாங்கும்போது.

இந்த நகலின் மதிப்பு அமெரிக்காவோடு ஒப்பிட்டால் புரியும். அங்கே ஃபெடரல் வழக்குகளில் குற்றம் சாட்டலாமா என்பதை கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு முடிவு செய்கிறது. மூடிய அறை, 16 முதல் 23 பேர். நீதிபதியும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் உள்ளே கிடையாது. 12 பேர் சம்மதித்தால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசு வழக்கறிஞர் அங்கே காட்டத் தவறினாலும் குற்றச்சாட்டு அதற்காகத் தள்ளுபடி ஆகாது என்று 1992-ல் வில்லியம்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. இங்கே ஆதாரக் காகிதம் கைக்கே வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 230-வது பிரிவின்படி, ஆஜரான 14 நாளுக்குள் நகல் தரவேண்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் பேனல் வழக்கறிஞரோடு (ஆணைக்குழு தந்த இலவச வழக்கறிஞர்) உட்கார்ந்து பக்கம் எண்ணுங்கள். எஃப்ஐஆர், போலீஸ் 180-வது பிரிவில் பதிந்த சாட்சி வாக்குமூலங்கள், மகசர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு), மருத்துவச் சான்று என்று பட்டியலோடு ஒப்பிடுங்கள். மலை ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், பிரித்துப் பாருங்கள். மங்கிய நகலுக்கு அன்றைக்கே வேறு நகல் கேளுங்கள். பென் டிரைவ் தந்தால் திறக்கிறதா என்று போட்டுப் பார்க்கவேண்டும். போலீஸ் திரட்டியும் பயன்படுத்தாமல் விட்ட ஆவணங்களின் பட்டியலும் கிடைக்கவேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதகமான தடயம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும், விசாரணை தொடங்கும்போது விடாமல் கேளுங்கள்.

சேவையில் கவனிக்கவேண்டிய பலவீனம் ஒன்று: வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகையில் வழக்கறிஞர் மாறினால், முதலாமவர் கண்டுபிடித்த குறைகள் அடுத்தவருக்குத் தெரியாமல் போய்விடும். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கட்டோடு வையுங்கள்.

காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், தோடர், கோத்தர், குறும்பர், பணியர் உள்ளிட்ட பழங்குடியினருக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு. கூடலூரிலிருந்து 50 கி.மீ. மலையேறி ஊட்டிக்கு வரும் முன் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.