எக்கோ மாட்டித் தருகிறேன் என்று வருபவரை நம்பி நான் தொலைத்த 38,500 ரூபாய்

எங்கள் வள்ளத்தில் எக்கோ, அதாவது கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் மெஷின், மாட்டித் தந்த கடைக்காரரை நேற்று இரவும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்பதுதான் தாங்க முடியவில்லை. 38,500 ரூபாய். அதில் பாதி அண்ணன் மனைவி, எங்கள் மைனியின் வளையலை அடகு வைத்த காசு. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கன்னியாகுமரியை ஒட்டிக் கிழக்குப் பக்கம் எங்கள் கரை. 30 அடி ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், அண்ணனும் நானும் பங்கு. தூண்டில் தொழில். பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, அதன் மேலே நின்றால்தான் கலவாயும் விளமீனும் கடிக்கும், கொஞ்சம் தள்ளினால் வெறும் மணல்தான். அப்பா காலத்தில் கணியம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களை வைத்து இடம் பிடித்துத்தான் போவார்கள். கோயில் கோபுரம் மருந்துவாழ் மலையின் எந்தச் சரிவுக்கு நேரே வருகிறது என்று ஒரு கணக்கு, பக்கவாட்டில் இன்னொரு கணக்கு, இரண்டும் சேரும் இடத்தில் ஈயக்குண்டை இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று அளப்பார்கள், ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. எனக்கு அந்தக் கண் இல்லை. மூடல் விழுந்து மலை மறைந்தால் அப்பாவுக்கும் கஷ்டம்தான். அதனால்தான் எக்கோ சவுண்டர் வாங்கலாம் என்று இறங்கினோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. எங்களைப் போன்ற சின்ன வள்ளக்காரர்களின் மீனுக்கு நாலு காசு விலை கிடைப்பது அப்போதுதான். அதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் விற்கிற கடை ஒன்று. பெயர் சொல்லவில்லை. மெஷின் 33,000, மாட்டுக்கூலி 4,000, வயர், பிராக்கெட் 1,500. மொத்தம் 38,500.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே கரைக்கு வந்தார். வள்ளத்தின் பின்பலகையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, “நல்ல வள்ளம் மக்கா, யாரு செய்தது?” என்றார். அப்பாவைத் தெரியும் என்றார். அம்மா கட்டன் சாயா கொடுத்தாள், குடித்துவிட்டு அம்மாவிடம் தன் வீட்டுக்காரியைப் பற்றியெல்லாம் பேசினார். “பில்லு எதுக்கு மக்கா, போட்டா வரிதான் கூடும். வாரண்டிக்கு நான் இருக்கேன்லா” என்று என் தோளில் கை வைத்துச் சொன்னார். அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. வாரண்டி கார்டில் முத்திரைகூடப் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

வள்ளம் அப்போது மணலில் ஏற்றிக் கிடந்தது, முன்பக்கம் மேலே தூக்கியபடி. அப்படியே வைத்துக் கண்மட்டத்தில் டிரான்ஸ்டியூசரை, அதாவது தண்ணீருக்குள் ஒலி அனுப்பும் பாகத்தை, பின்பலகையில் நாலு ஸ்குரு போட்டு முறுக்கினார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேபிள் நீளம் போதாது என்று நடுவில் வெட்டி வேறு வயர் சேர்த்து கறுப்பு டேப் சுற்றினார். துளையில் பாத்ரூமுக்குப் போடுகிற சிலிக்கானைப் பிதுக்கினார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கெட்டிக்காரர் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் கரைக்குப் பக்கத்தில் மெதுவாகப் போகும்போது ஆழம் சரியாகக் காட்டியது. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கியதும் எண் துடிக்க ஆரம்பித்தது. 20 பாகத் தண்ணீரில் ஒன்றரைப் பாகம் என்று காட்டியது, அப்புறம் கோடு கோடாய் மழை பெய்கிற மாதிரி திரை நிறைந்தது. நிறுத்தினால் மறுபடி சரி. பார் மேலே வந்துவிட்டோம் என்று திரையைப் பார்த்து நங்கூரம் போட்டால் தூண்டில் மணலில் கிடக்கிறது. ஐஸுக்கும் எண்ணெய்க்கும் செலவழித்தது மிச்சம். தடைக்காலத்தில் இப்படிப் பதினோரு நாள்.

முதல் தடவை கூப்பிட்டபோது, “கடல் சலசலப்பா இருந்தா அப்படித்தான் மக்கா” என்றார். இரண்டாம் தடவை, “செட்டிங்ல சென்சிட்டிவிட்டிய குறை”. குறைத்தேன், மழை போனது, மீனும் போனது. மூன்றாம் தடவை ஒரு பையனை அனுப்பினார். அவன் டிரான்ஸ்டியூசரைக் கழற்றி வள்ளத்துக்கு உள்ளே, அடித்தளத்தில் ரெசின் ஊற்றி ஒட்டிவிட்டுப் போனான். அதோடு ஆழமும் போச்சு. அதற்குப் பிறகு “ஆளு ஊருக்குப் போயிருக்கான்”, “கம்பெனில பேசியிருக்கேன்”, “பெருநாள் கழியட்டும்”. இப்போது நீல டிக்.

தூத்தூரில் எங்கள் மச்சான் ஒருவர் இருக்கிறார், ஆழ்கடல் படகில் போகிறவர். ஊருக்கு வந்தபோது பார்த்தார். பின்பலகையில் பழைய துளைகளையும் ஸ்குருத் தடத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார், எனக்கு அழுகைதான் வந்தது. மெஷினில் ஒரு குற்றமும் இல்லையாம். மாட்டியதுதான் அத்தனையும் தப்பு.

அவர் சொன்னது இது. டிரான்ஸ்டியூசர் ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் ஒலியைக் கேட்கிறது. நடுவில் காற்றுக்குமிழி வந்தால் செவிடு. எங்களுடையதை எஞ்சின் புரொப்பெல்லருக்கு ஒரு சாண் தள்ளி, நுரை பறக்கிற இடத்தில், அதுவும் வள்ளத்தின் அடிமட்டத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஃபைபரில் அதன் முகம் அடிமட்டத்துக்கு 3 மில்லிமீட்டராவது கீழே தண்ணீரில் இருக்க வேண்டும், புரொப்பெல்லரை விட்டு 38 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றினால் வலப்பக்கம்தான் மாட்ட வேண்டும், அங்கேதான் இலை கீழே இறங்குகிறது, குமிழி குறைவு.

சாய்வுதான் எனக்கு வயிறெரிந்த இடம். முகம் தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இவர் மணலில் முன்பக்கம் தூக்கிக் கிடந்த வள்ளத்தில் கண்மட்டம் பிடித்திருக்கிறார். நாலு பேர், ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன் எல்லாம் ஏற்றித் தண்ணீரில் மிதக்கும்போதுதானே வள்ளம் எப்படி நிற்கும் என்று தெரியும்? மச்சான் வள்ளத்தைச் சரக்கோடு மிதக்கவிட்டு, துளையின் தடத்தை வைத்து அதே பிராக்கெட்டைப் பிடித்து ரசமட்டம் வைத்துக் காட்டினார், குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பத்து டிகிரி சாய்வு என்று வையுங்கள், 20 பாகத்தில் மூன்றரைப் பாகம் தள்ளிப் பார்க்கும். பார் திரையில் இருந்தது, எங்களுக்குக் கீழே இல்லை. மீன் திரையில் முழு வில்லாக வராமல் ஒரு பக்கம் மட்டும் வளைந்த அரை வில்லாக வந்ததற்கும் இதுதான் காரணமாம். நான் அதைச் சின்ன மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

உள்ளே ஒட்டுவதும் தப்பில்லையாம், ஆனால் அடித்தளம் முழுக்க ஃபைபராக இருக்க வேண்டும். எங்கள் வள்ளத்தில் நடுவே ஃபோம். ஒலி தாண்டவே தாண்டாது. போதாக்குறைக்கு ரெசினில் மிளகு அளவுக்குக் குமிழிகள்.

சரி, கம்பெனி சர்வீஸில் காட்டலாம் என்று பஸ் ஏறிப் போனேன். கேபிளைத் தொட்டதும் கேட்டார்கள்: “இதை வெட்டினது யாரு?” வெட்டிய கேபிளுக்கு வாரண்டி கிடையாது. பில்லும் இல்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். 38,500 ரூபாய்.

மாட்டப்போகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். கேபிளை வெட்டவிடாதீர்கள், மிச்சம் இருந்தாலும் சரி. எஞ்சின் வயரோடும் வயர்லெஸ் வயரோடும் சேர்த்துக் கட்டவும் விடாதீர்கள். துளை போடுவதற்கு முன்னால் ஒரு பலகையில் மாட்டி வள்ளத்தோடு கட்டி, ஒரு தடவை வேகமாக ஓட்டிப் பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள், முழுப்பணத்தையும் முதலில் கொடுக்காதீர்கள். துளைக்குள் படகுக்கான சீலன்ட்தான் போடச் சொல்லுங்கள், பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். அண்ணன் நேற்று எங்கள் பின்பலகையைக் கத்தியால் கீறினான், உள்ளே ப்ளைவுட் ஈர ரொட்டி மாதிரி வருகிறது. அதற்கு என்ன செலவாகும் என்று இன்னும் கேட்கவில்லை.

ஸ்குரு இரும்பு ஸ்குரு. கழற்றும்போதே துருப்பிடித்திருந்தது. நாலையும் ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கடலுக்குப் போகவில்லை, கடைக்குத்தான் போகிறேன்.