காசில்லாத கவுன்சிலில் யாருக்கு எவ்வளவு சம்பள உயர்வு?

இங்கிலாந்தில் உள்ளாட்சி கவுன்சில்களுக்கு மத்திய அரசு தரும் நிதியில், விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால், 2010-11க்கும் 2017-18க்கும் இடையே ஏறக்குறைய பாதி போய்விட்டது. நூலகங்களை மூடினார்கள், காலியிடங்களை நிரப்பாமல் விட்டார்கள். ஊழியர் சம்பளமும் 2010 முதல் மூன்று ஆண்டுகள் அசையவில்லை. மிச்சமிருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இன்றுவரை இழுபறி. நன்றாக வேலை செய்பவருக்குக் கூடுதலா, எல்லோருக்கும் ஒரே தொகையா, இல்லை பணத்துக்குப் பதில் ஓய்வு நேரமா?

செயல்திறனைப் பார்த்துச் சம்பளம் தருவது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைப்பவருக்கும் ஒப்பேற்றுபவருக்கும் ஒரே உயர்வு என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். விற்பனைத் துறையில் இது நன்றாகவே வேலை செய்யும். அங்கே கூடுதல் விற்பனையே போனஸுக்கான பணத்தைக் கொண்டுவந்துவிடும். கவுன்சிலின் சமூக சேவகர் ஒருவர் உயிரைக் கொடுத்து வேலை செய்தாலும் கஜானாவுக்கு ஒரு பவுண்டு கூட வராது. மொத்தத் தொகை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. ஆக, ஒருவரின் ஊக்கத்தொகை பக்கத்து இருக்கைக்காரரின் பங்கிலிருந்துதான் வரவேண்டும். எட்டுப் பேர் உள்ள குழுவில் இரண்டு பேருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், மற்ற ஆறு பேரின் அப்ரைசலில் 'திருப்தி' என்று எழுதக் காரணம் தேட வேண்டியதுதான் மேலாளரின் வேலை.

அப்புறம் எதை வைத்து அளப்பது? கட்டுமான அனுமதிப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய விண்ணப்பங்களை 8 வாரத்தில் முடிக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால் விண்ணப்பித்தவரிடமே கால நீட்டிப்புக்கு ஒப்புதல் வாங்கிவிடலாம், கணக்கில் அது 'உரிய காலத்தில்' முடிந்ததாகவே ஏறும். எண்ணுக்குச் சம்பளம் என்றால் எண்தான் அழகாகும்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம் என்பவர்கள் பர்மிங்காம் நகர கவுன்சிலைப் பார்க்க வேண்டும். அங்கே குப்பை அள்ளுவோர், சாலைத் துப்புரவாளர், கல்லறைக் குழி வெட்டுவோர் போன்ற, பெரும்பாலும் ஆண்கள் செய்த வேலைகளுக்கு போனஸ் இருந்தது. அதே ஊதியத் தரத்தில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிப் பெண்களுக்கு இல்லை. பெண்கள் வழக்குப் போட்டார்கள். வேலையை விட்டுப் போனவர்கள் கூட சிவில் நீதிமன்றத்தில் கோரலாம் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குப்பை வண்டிக்காரர்கள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டு முழு நேரச் சம்பளம் வாங்கிய பழக்கமும் பின்னர் சம ஊதியச் சிக்கலில் சேர்ந்துகொண்டது. 2023ல் கவுன்சில் மதிப்பிட்ட சம ஊதியக் கடன் 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை. அந்த ஆண்டு செப்டம்பரில், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் '114வது பிரிவு' அறிவிப்பை வெளியிட்டு, அத்தியாவசியமல்லாத புதிய செலவுகளை நிறுத்தியது. (கணினி அமைப்பு மாற்றத்தில் விரயமானதும் அந்த நெருக்கடியில் உண்டு, பழி முழுவதையும் போனஸ் மீது போட முடியாது.) யாருக்கு, எதற்காகக் கொடுத்தோம் என்று காட்ட முடியாத ஊக்கத்தொகை, பல வருஷம் கழித்து வட்டியோடு வந்து நிற்கும்.

எல்லோருக்கும் ஒரே தொகை என்பதில் இந்த வில்லங்கம் மிகக் குறைவு. இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துக்கான தேசிய சம்பள ஒப்பந்தத்தில் 2022ல் எல்லோரின் ஆண்டுச் சம்பளத்திலும் 1,925 பவுண்டு கூட்டினார்கள். சம்பள அட்டவணையின் கடைசிப் படியில் இருந்தவருக்கு அது 10.5 சதவீதம், உச்சியில் சுமார் 4 சதவீதம். விலைவாசி எகிறிய வருஷத்தில் கீழ்ப்படிக்காரருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அடுத்த ஆண்டும் பெரும்பாலோருக்கு அதே 1,925 என்றதும் படிகளுக்கு இடையிலான விகிதம் சுருங்கியது. பத்துப் பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர், 'இந்தச் சில்லறை வித்தியாசத்துக்கா இத்தனை தலைவலி?' என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 2025ல் ஒரே தொகையை விட்டு 3.2 சதவீதத்துக்குத் திரும்பினார்கள்.

நேரத்தைக் கொடுப்பது இன்னொரு வழி. தெற்கு கேம்பிரிட்ஜ்ஷையர் கவுன்சில் 2023 ஜனவரியில் முழுச் சம்பளத்தோடு நான்கு நாள் வாரத்தைச் சோதித்தது. ஆள் கிடைக்காமல் ஏஜென்சி ஊழியருக்குக் கொட்டிய பணத்தைக் குறைப்பதுதான் நோக்கம். அன்றைய அரசு நிறுத்தச் சொல்லியும் தொடர்ந்தார்கள், 2025ல் நிரந்தரமாக்கினார்கள். மேசை வேலைக்கு இது பொருந்தும். முதியோரைக் குளிப்பாட்ட வாரம் ஏழு நாளும் ஆள் வேண்டிய இடத்தில் அவ்வளவு சுலபமில்லை.

பணம் இறுக்கமாக இருக்கும்வரை நான் ஒரே தொகை பக்கம்தான். மேற்பார்வைப் படிகளுக்குத் தனியாகக் கொஞ்சம் கூட்டலாம். யாரையாவது பாராட்டியே ஆக வேண்டும் என்றால் முழுக் குழுவுக்கும் ஒருமுறைத் தொகையாகக் கொடுக்கட்டும். ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற பட்டியலை, பணம் போவதற்கு முன்பே சட்டப்பிரிவு பார்த்துவிட வேண்டும்.