டர்பனில் பழைய பைக்கின் அலுமினியத்தைப் பாலிஷுக்குக் கொடுக்கப் போகிறீர்களா?

டர்பன் பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம்மவர்கள், இன்ஜின் கவர்களைக் கழற்றிக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுத மாட்டேன். பணம் திரும்பி வந்தபோது அப்படித்தான் பேசி முடித்தோம். அவர்கள் செய்த வேலையைச் சொல்லக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி என் மாமனாருடையது. நார்ட்டன் கமாண்டோ 750, 1972 மாடல். வீடு இசிப்பிங்கோ பீச்சில், உப்புக்காற்று நேராக கராஜுக்குள் வரும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். காற்று பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உள்ளிருப்பதைக் காப்பது உண்மைதான். ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். அங்கிருந்து குழி விழும், வெள்ளை பூக்கும். போதாக்குறைக்கு மாமனார் வண்டியைத் தார்ப்பாய் போட்டு வருடக்கணக்கில் மூடி வைத்திருந்தார். ஈரம் வெளியே போக வழியில்லை. பிரைமரி கவர், டைமிங் கவர், ராக்கர் கவர்கள் எல்லாமே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டன.

ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையைச் சொன்னார்கள். முதலாளி தன்மையான மனிதர். "அங்கிள், உங்க நார்ட்டன் இங்கிலாந்து ஃபேக்டரியிலிருந்து வந்த அன்னிக்கு இருந்த மாதிரி ஆயிடும்" என்றார். மாமனார் அந்த இடத்திலேயே உருகிவிட்டார். கொட்டேஷனில் 'வேப்பர் பிளாஸ்டிங், கையால் பாலிஷ்' என்று எழுதித்தான் வாங்கினோம். மொத்தம் 8,500 ராண்டு, பாதி முன்பணம்.

வேப்பர் பிளாஸ்டிங் என்றால் தண்ணீரோடு நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து அடிப்பது. தண்ணீர் நடுவில் இருப்பதால் உலோகத்தை அறுக்காது. அழுக்கு போய், மேற்பரப்பு பட்டு மாதிரி மங்கலான பளபளப்போடு வரும். பாலிஷ் வேண்டிய கவர்களை அதற்குப் பிறகு 240, 400, 600, 800 என்று எமரி பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கடைசியில்தான் துணிச் சக்கரமும் பாலிஷ் கட்டியும். ஆழமான குழியை முழுதாக எடுக்க நினைத்தால் கவரே மெலிந்துவிடும். நல்ல ஆள் இதை முதலிலேயே சொல்லிவிடுவார். மெதுவாக நடக்கும் வேலை, மலிவாக வராது.

எங்களுக்குத் திரும்பி வந்தவை கண்ணாடி மாதிரி மின்னின. மாமனாருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு உறுத்தியது டைமிங் கவர்தான். அதில் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் 'நார்ட்டன்' எழுத்தின் முனைகள் தேய்ந்து, பாதி கரைந்த சோப்புக்கட்டியாக இருந்தன. கேட்டதற்கு, "பழசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கொடுக்கும் முன் எடுத்த படங்கள் என் போனில் இருந்தன, எழுத்து கூர்மையாகவே இருந்தது.

சில சீல்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்ததால் கவர்கள் கராஜில் கிடந்தன. கோடை மழை முடிவதற்குள் பளபளப்பின் அடியில் வெள்ளை நூல் மாதிரி கோடுகள் ஊர ஆரம்பித்தன. லாக்கர் எனப்படும் நிறமற்ற வார்னிஷ் பூச்சுக்கு அடியில் உப்பும் ஈரமும் மாட்டிக்கொண்டால் வரும் அரிப்பு அது. பஞ்சில் பெயின்டைக் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு வெள்ளி நிறமானது. அலுமினியம் தின்னரில் கரையுமா? ஸ்ப்ரே பெயின்ட்! அதன் மேல் ஒரு கோட் லாக்கர். பெயின்டைக் கழுவி எடுத்ததும் அடியில் சொரசொரப்பான சாம்பல் நிற உலோகம். உலர்ந்த மணலை அடித்து, எழுத்தையும் சேர்த்து அறுத்து, மேலே வெள்ளி பூசியிருக்கிறார்கள்.

பெயின்ட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். கமாண்டோவில் டைமிங் கவர் வெறும் மூடி அல்ல. ஆயில் பம்பிலிருந்து வரும் ஆயில் இந்தக் கவருக்குள் துளைத்த வழியாகப் போய்த்தான் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் நுழைந்து, அதைப் பிஸ்டன் தண்டுகளோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங்குகளுக்குப் போகிறது. ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் பார்க்கும் பிரஷர் ரிலீஃப் வால்வும் இதில்தான் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் வால்வைக் கழற்றவில்லை, ஆயில் வழிகளை அடைக்கவும் இல்லை, அப்படியே மணலை அடித்துவிட்டார். துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்களுக்குத் துணை. வால்வைக் கழற்றி, வழிகளில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றி, வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டினார். மணல்! "இதை அப்படியே மாட்டி ஸ்டார்ட் பண்ணியிருந்தா கிராங்க்ஷாஃப்ட் போயிருக்கும் தம்பி" என்றார். தடித்த கண்ணாடிப் பலகை மேல் கவரைக் கவிழ்த்ததில், கேஸ்கெட் உட்காரும் விளிம்பும் வளைந்திருந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் அடியில் தாராளமாக நுழைந்தது.

அமால் கார்புரேட்டர்களையும் அவர்களிடமே கொடுத்திருந்தோம். அவை அலுமினியமே இல்லை, துத்தநாகக் கலவை. எதில் முக்கினார்களோ, கறுத்துப் போய் வந்தன.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது முதலில் கிடைத்த பதில்: "இன்னொரு கோட் அடிச்சுத் தரோம்." அதன் பிறகு பேச்சில்லை, எழுத்துதான். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவு: வேலை தரமில்லை என்றால் சரிசெய்து தரச் சொல்லலாம், அல்லது கொடுத்த பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். கொட்டேஷன், ரசீது, முன்னும் பின்னுமான படங்களோடு கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்பினோம். கொடுக்காவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்று அதிலேயே சொல்லியிருந்தோம். அங்கே வக்கீல் வாதாட முடியாது. 2019-இல் அதன் வரம்பை 20,000 ராண்டாக உயர்த்தினார்கள், நம் மாதிரி தகராறுகளுக்குத் தாராளம். கெடு முடியும் முன்பே பெரும்பகுதி பணம் வந்துவிட்டது. 'வேப்பர்' என்ற சொல் கொட்டேஷனில் இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அது வாய்ப்பேச்சாக இருந்திருந்தால், "நாங்க அப்படிச் சொல்லவே இல்லை" என்று கை விரித்திருப்பார்கள்.

பட்டறைக்குப் போனால் பிளாஸ்டிங் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் சுற்றும் பெட்டி இல்லையென்றால் அங்கே வேப்பர் பிளாஸ்டிங் நடக்காது. ஆயில் வழி உள்ள எதையும் சீல், வால்வு கழற்றி, துளைகளை நீங்களே அடைத்துக் கொடுங்கள். வாங்கும்போது ஆட்டோசால் என்ற உலோகப் பாலிஷ் பேஸ்ட்டைத் துணியில் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்கவில்லையென்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள். லாக்கர் அடிப்பது தப்பில்லை, அந்தக் காலத்து ஜப்பான் வண்டிகளின் கவர்களில் கம்பெனியே அடித்துத்தான் அனுப்பியது. கேட்காமல் அடித்து அதை பாலிஷ் என்று விற்பதுதான் தப்பு. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் யோசனை, பூச்சே வேண்டாம். அடிக்கடி கழுவி, துடைத்து, மெழுகு போட்டாலே போதும்.

புது டைமிங் கவர் இங்கிலாந்திலிருந்து வந்து மாட்டியாகிவிட்டது. அந்தப் பட்டறையோ எங்கள் பிரைமரி கவரின் படத்தை இன்னும் 'எங்கள் வேலை' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. யாராவது உங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் கவரின் கீழ் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தால் அது எங்களுடையது. முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.