18,500 ரூபாய்க்கு வாங்கிய பைக் ரூட்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு ரூட் ஃபைலுக்கும், இல்லாத ரூம்களுக்கும், தேவையே இல்லாத பர்மிட்டுக்கும் நான் கொடுத்த பணம் அது. மகாராஷ்டிரக் கடற்கரையில் இருக்கும் ரத்னகிரியில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு நிதானமாக எழுது என்றார் நண்பர். ஆறினால் பாதி விவரம் விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என்னை ஏமாற்றியவர்களின் பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். நெடுந்தூர பைக் பயணத்துக்கு ஹைவே பக்கமே போகாமல் அழகான சின்னச் சாலைகளாகப் பார்த்து ரூட் போட்டுத் தருகிறோம், தங்குமிடமும் பர்மிட்டும் எங்கள் பொறுப்பு என்று சமூக வலைத்தளத்தில் கடை விரித்திருக்கும் ஆட்கள். மலையும் மேகமுமாகப் படங்கள், கீழே வரிசையாக நெருப்பு எமோஜி. பார்த்திருப்பீர்கள்.

என் திட்டம் கோவையிலிருந்து லடாக்கில் இருக்கும் லே வரை. நேராகப் போவதென்றால் யோசிக்கவே வேண்டாம், கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை என்எச் 44 இருக்கிறது. லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே காஷ்மீர் போய்ச் சேரலாம். எனக்கு நீலகிரி, குடகு, ஆகும்பே, கொங்கண் கடற்கரை, ராஜஸ்தானின் ஒற்றைச் சாலைகள், இமாச்சலின் ஸ்பிட்டி, அப்புறம் லே என்று போக ஆசை. ஏப்ரல் கடைசியில் கிளம்ப லீவும் கிடைத்தது. இப்படி ஒரு பயணத்துக்கு ரூட் போடுவது லேசான வேலை இல்லை. தார் எங்கே முடிகிறது, வனத்துறை கேட் எத்தனை மணிக்கு மூடும், எந்த ஆற்றில் பாலம், எந்த ஆற்றில் படகு, அடுத்த பெட்ரோல் பங்க் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் பணம் கொடுத்தேன். ரூட்டுக்கு 7,500, முதல் கட்டத் தங்குமிடங்களுக்கு முன்பணம் 8,700, பர்மிட்டுகளுக்கு 2,300. ஆக 18,500.

என்னை நம்ப வைத்தது விளம்பரம் இல்லை, ஒரு போன் கால். பேசியவர் குரலுக்கு முப்பது வயதைத் தாண்டாது, அதனால் தம்பி என்றே சொல்கிறேன். அந்தத் தம்பி முதலில் பட்ஜெட் பற்றிப் பேசவே இல்லை. டேங்க் எத்தனை லிட்டர், பெட்டி கட்டினால் மைலேஜ் எவ்வளவு குறையும், டயர் என்ன மாதிரி, மண் சாலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா, முதுகுவலி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு டாக்டர் மாதிரிக் கேட்டார். கொங்கண் கடற்கரையில் தாபோலில் வாசிஷ்டி ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பிடித்துக்கொண்டே நில்லுங்கள் என்றார். போய் வந்தவர் பேசுகிற பேச்சு அது. நான் இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றதும் சொன்னார் பாருங்கள்:

"அதுக்கென்னண்ணா, எங்ககிட்ட புக் பண்ணாட்டியும் பரவாயில்ல. மே மாசம் ராஜஸ்தான்ல மட்டும் பகல்ல ஓட்டாதீங்க. விடியக்காலைல ஓட்டிட்டு பத்து மணிக்கு ரூம் போட்டுருங்க."

பணம் கேட்காமல் அறிவுரை சொல்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அன்று இரவே யுபிஐயில் 18,500 போனது. ரசீது என்று ஒரு படம் வந்தது. அதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

போனிலோ ஜிபிஎஸ் கருவியிலோ போட்டால் வழி காட்டும் ஜிபிஎக்ஸ் ஃபைல் வந்தது கிளம்புவதற்கு முந்தைய இரவு. "ஒவ்வொரு வளைவும் கையால பார்த்துப் போட்டதுண்ணா, அதான் லேட்டு" என்று கூடவே ஒரு மெசேஜ்.

முதல் அடி குஞ்சப்பனை சோதனைச் சாவடியில். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்னிடம் 500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். என் வண்டி எண்ணுக்கு அங்கே பாஸே இல்லை. ஓரமாக நிறுத்தி போனிலேயே எடுத்தேன், கொஞ்ச நேர வேலைதான். அந்தப் பாஸ் இலவசம்! இலவசமாகக் கிடைப்பதற்கு 500 வாங்கிக்கொண்டு, அதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுத்தது ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கச் சொல்லியிருந்தது ஃபைல். 36 கொண்டை ஊசி வளைவுகள், பயங்கரச் சரிவு, விபத்துகளுக்குப் பேர்போன சாலை. அதனால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. போலீஸ்காரர் என் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், கையைக் காட்டினார், திரும்பினேன். கூடலூர் சுற்றி வருவதற்குள் இருட்டிவிட்டது. சரி, சுற்றாமலே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஃபைலோடு கொடுத்த அட்டவணையில் பந்திப்பூர் காட்டைக் கடக்கும் நேரம் இரவு 9.30. அங்கே இரவு 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும், வருடக்கணக்காக இருக்கும் தடை. கையால் பார்த்துப் போட்டவருக்கு இது தெரியாதாம்.

கூடலூரில் ரூம் போட்டுவிட்டு, குண்டல்பேட்டையில் எனக்காகப் புக் செய்ததாகச் சொன்ன ஹோம்ஸ்டேக்கு வர முடியவில்லை என்று மரியாதைக்கு போன் செய்தேன். எண்ணை அவர்கள் தரவில்லை, மேப்பில் தேடி எடுத்தேன். அந்த அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் யாரும் புக் செய்யவில்லை என்றார். மற்ற இடங்களுக்கும் வரிசையாகப் போட்டேன். ஒன்றில் அப்படி ஒரு கம்பெனியே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். இன்னொன்றில் ஹோம்ஸ்டே நடத்துவதையே நிறுத்திவிட்டார்களாம். 8,700 ரூபாயில் எனக்கென்று ஒரு கட்டில்கூட எங்கேயும் இல்லை.

ஆகும்பே தாண்டி ஓரிடத்தில் ஃபைல் காட்டிய "கிராமத்துச் சாலை" ஒரு சங்கிலிக் கேட்டில் போய் முடிந்தது. உள்ளே செம்மண் தடம், இரண்டு பக்கமும் காடு. காவலர், இது சாலையே இல்லை, தாண்டினால் கேஸ் எழுதுவேன் என்றார். அவர் இல்லாமல் கேட் திறந்திருந்தால் சிக்னல் இல்லாத காட்டுக்குள் தனியாக மாட்டியிருப்பேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம்.

அன்றைக்குத்தான் அந்த ஜிபிஎக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். பைக் ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிபிஎக்ஸ் என்பது வெறும் எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். மேலே முதல் சில வரிகளிலேயே கிரியேட்டர் என்று ஒரு இடம் இருக்கும், எந்த மென்பொருள் அதை உருவாக்கியது என்று அதில் தெரியும். என் ஃபைலில் இருந்தது இலவசமாக ரூட் போட்டுக் கொடுக்கும் ஒரு இணையதளத்தின் பெயர். உருவாக்கிய நேரமும் இருந்தது, எனக்கு அனுப்புவதற்குச் சில நிமிடங்கள் முன்னால். ஊரைப் போடு, "ஹைவே தவிர்" என்பதைத் தட்டு, டவுன்லோடு செய். அந்தத் தட்டலுக்கு 7,500 ரூபாய். ஹைவேயைத் தவிர்க்கச் சொன்னால் அந்த மென்பொருளுக்கு அழகு தெரியுமா என்ன? தோட்டத்துப் பாதை, காட்டுத் தடம், கால்வாய்க் கரை என்று வரைபடத்தில் கோடு இருக்கிற எதையும் எடுத்துக் கோர்த்துவிடும். கொங்கண் பகுதிக்கு அதைக்கூடச் செய்யவில்லை. அங்கே புள்ளிகளில் 2016-ம் வருடத் தேதிகள் இருந்தன. எவரோ ஒருவர் அந்த வருடம் ஓட்டிப் பதிவு செய்து பொதுவில் போட்டதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ஜிபிஎக்ஸில் ட்ராக் என்றால் முழுக் கோடும் அப்படியே இருக்கும். ரூட் என்றால் சில புள்ளிகள் மட்டும் இருக்கும், நடுவில் எப்படிப் போவது என்பதை உங்கள் கருவி தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளும். எனக்கு வந்ததில் பாதி ரூட். அதாவது அவர்கள் எந்தச் சாலையையும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இனி போன் கதை. முதல் நாள் "அண்ணா, ஜிபிஎஸ் சில சமயம் அப்படித்தான், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." இல்லாத ரூமுக்கு எதை ரீஸ்டார்ட் செய்வது? மறுநாள் "சார், டெக்னிக்கல் டீம் பார்த்துட்டிருக்காங்க." அண்ணா சாராகிவிட்டேன். சங்கிலிக் கேட்டைப் படம் எடுத்து அனுப்பினால் "ஆஃப்பீட் ரூட் கேட்டது நீங்கதானே சார், அட்வென்ச்சர்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்று பதில். 18,500 ரூபாயையும் திருப்பிக் கொடு என்றதும் "டியர் கஸ்டமர்" என்று ஆரம்பித்து, ஏழு முதல் பத்து வேலை நாட்கள் என்று ஒரு ரெடிமேட் மெசேஜ். அப்புறம் வேறொரு எண்ணிலிருந்து க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் ரீஃபண்ட் வந்துவிடுமாம். பணம் வாங்குவதற்கு யாருக்கும் பின் போட வேண்டியதில்லை. எடுத்தது போதாதென்று மிச்சத்தையும் உருவப் பார்த்தார்கள். திட்டி எழுதினேன், பிளாக். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்ட்டும் காணவில்லை.

ராத்திரி மீதி ஃபைலையும் பார்த்தேன். ரத்னகிரியிலிருந்து ஜெய்கட், குஹாகர் வழியாகப் போய் தாபோலைக் கடக்கும் நேரம் நள்ளிரவை ஒட்டி. ஆற்றின் மேல் பாலம் இருப்பது மாதிரி நேர்கோடு. லாட்ஜ் மேனேஜரிடம் காட்டினேன், அந்த நேரத்தில் ஃபெர்ரியா என்று சிரித்தார். ராஜஸ்தானில் ஜெய்சால்மேர் பக்கம் ஒற்றைச் சாலையில் ஓட்டச் சொல்லியிருக்கும் நேரம் பகல் 12 முதல் 4 வரை. பகலில் ஓட்டாதீங்க என்று சொன்ன அதே தம்பி! ஸ்பிட்டியிலிருந்து குன்சும் கணவாயைத் தாண்டச் சொன்னது மே நடுவில். 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த இடத்தில் பனியை வெட்டிச் சாலை திறக்கப் பெரும்பாலும் மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். இதற்கு நடுவில் ஸ்பிட்டிக்கு இன்னர் லைன் பர்மிட் (எல்லையோரப் பகுதிக்குள் போக வாங்கும் அனுமதி) என்று 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இந்தியர்களுக்கு ஸ்பிட்டிக்கு அந்தப் பர்மிட்டே தேவையில்லை, வெளிநாட்டவருக்குத்தான்.

பயணத்தை விடப்போவதில்லை. நாளை என்எச் 66 பிடித்து சிப்ளூண் போய்ப் பாலத்தில் கடந்துகொள்கிறேன். லேக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று அப்புறம் பார்க்கலாம்.

எப்படி ரூட் போடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது. முழுப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஃபைலை மட்டும் கேளுங்கள், நோட்பேடில் திறந்து கிரியேட்டரையும் தேதியையும் பாருங்கள். சாட்டிலைட் படத்தில் கோட்டைப் பெரிதாக்கி, கீழே சாலை இருக்கிறதா என்று பாருங்கள். மலையிலும் சின்னச் சாலையிலும் மணிக்கு 30, 35 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போட்டிருந்தால் அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். பர்மிட் என்று யார் பணம் கேட்டாலும் அரசுத் தளத்தில் கட்டணத்தை நீங்களே பாருங்கள். ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், நாள் தள்ளினால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 18,500 ரூபாய்க்காக நான் போகத்தான் போகிறேன்.

இந்த மாதிரி ஆட்களிடம் பணம் கட்டிவிட்டு மே, ஜூனில் கிளம்பக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் நீங்களே போன் போட்டு, உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எண்ணை அவர்கள் தரமாட்டார்கள், மேப்பில் தேடி எடுங்கள்.